பொருளைச் சுற்றி பார்டர் சரியாக விழவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பித்தளைத் தூக்கு, எனாமல் தட்டு, மரப்பாச்சி, பழைய வீட்டு நிலையிலிருந்து கழற்றிய சிற்பப் பலகை என்று எல்லாம் கிடைக்கும். அந்தக் கடைகள் சிலவற்றுக்கும், பனை ஓலைக் கொட்டான் முடையும் ஒரு ஆச்சிக்கும், கண்டாங்கிச் சேலை விற்கும் ஒரு வீட்டுக்கும் நான் படம் திருத்திக் கொடுக்கிறேன். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: பின்னணியை எடுத்துவிட்டு, பொருளின் ஓரத்தை ஒட்டி அழகாக ஒரு பார்டர். கேட்க எளிதாக இருக்கும். செய்யும்போதுதான் பார்டர் நெளியும், பல் பல்லாக வரும், சில நேரம் வராமலே போகும்.

எந்தப் பிழையைப் பார்ப்பதற்கு முன்னாலும் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளுக்குத் தூக்கும் தெரியாது, தட்டும் தெரியாது. லேயரில், அதாவது படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்குகளில் ஒன்றில், எந்தப் பிக்சல் (படத்தின் ஒரு புள்ளி) நிறைந்திருக்கிறது, எது காலி, எது பாதி காலி என்பது மட்டுமே அதற்குத் தெரியும். நிறைந்தது முடிந்து காலி தொடங்கும் இடத்தில் கோடு போடும். ஆகவே பார்டர் கோணலாக இருந்தால் பார்டர் அமைப்பைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள். நீங்கள் வெட்டிய வெட்டைப் பாருங்கள். எனக்கு வரும் பத்துப் படத்தில் ஏழெட்டில் தவறு அங்கேதான் இருக்கிறது.

வெட்டைப் பார்க்க ஒரு வழி உண்டு. பொருளின் லேயருக்குக் கீழே புது லேயர் ஒன்று போட்டு, படத்தில் எங்குமே இல்லாத பளிச்சென்ற நிறத்தை நிரப்புங்கள். பித்தளைக்கு நீலம், சிவப்புச் சேலைக்குப் பச்சை. இதைச் சோதனை லேயர் என்று சொல்லிக்கொள்வோம், கீழே அடிக்கடி வரும். வெள்ளையிலும், காலியிடத்தைக் காட்டும் சதுரங்கப் பின்னணியிலும் ஒளிந்திருந்த குறையெல்லாம் இதில் தெரிந்துவிடும்.

நான் பார்டர் போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். போட்டோஷாப்பில் பொருளின் லேயருக்கு லேயர் ஸ்டைல் வழியாக ஸ்ட்ரோக், பொசிஷன் அவுட்சைடு. கிம்ப் என்ற இலவச மென்பொருளில் லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சி, அதற்குள் ஆல்ஃபா டு செலக்‌ஷன். நிறைந்த பிக்சல்களை அது தேர்வாக்கிவிடும். அப்புறம் செலக்ட் மெனுவில் குரோ கொடுத்து வேண்டிய அளவு விரித்து, கீழே ஒரு புது லேயரில் நிறம் நிரப்புவது. பொருளின் மேல் ஒரு பிக்சலைக்கூடத் தொடுவதில்லை என்பதால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இனி அறிகுறிகள்.

அறிகுறி: பார்டர் பொருளைச் சுற்றாமல் படத்தின் நான்கு ஓரத்திலும் சட்டம் போல விழுகிறது

பின்னணி உண்மையில் போகவில்லை. ஜேபெக் படத்தில் காலியிடம் என்ற ஒன்றே கிடையாது. முழுச் செவ்வகமும் நிறைந்த பிக்சல்தான். கிம்ப்பில் ஜேபெக்கைத் திறந்து பின்னணியைத் தேர்ந்து டெலீட் தட்டினால், காலியாவதற்குப் பதில் பின்புல நிறம், பெரும்பாலும் வெள்ளை, நிரம்பிவிடும். பார்க்கப் பின்னணி போனது போலத் தோன்றும். லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சியில் ஆட் ஆல்ஃபா சேனல் (எது காலி என்று குறித்துவைக்கும் பகுதி) கொடுத்துவிட்டு மறுபடி டெலீட் செய்யுங்கள். சதுரங்கக் கட்டம் தெரிந்தால்தான் காலி.

போட்டோஷாப்பில் இதே குறை வேறு மாதிரி வரும். பேக்கிரவுண்டு என்று பூட்டுப் படத்தோடு இருக்கும் லேயருக்கு லேயர் ஸ்டைல் கொடுக்க முடியாது. அதை டபுள் கிளிக் செய்து சாதாரண லேயராக மாற்றுங்கள், பின்னணியை மாஸ்க் போட்டு மறைத்துவிடுங்கள், பிறகு ஸ்ட்ரோக். லேயரே மங்கலாக, எந்த மெனுவும் வேலை செய்யாமல் இருந்தால் படம் இன்டெக்ஸ்டு நிறமுறையில் இருக்கலாம். ஜிஃப் கோப்புகள் அப்படித்தான் திறக்கும். இமேஜ் மெனுவில் மோடு போய் ஆர்ஜிபி ஆக்கினால் சரியாகும்.

அறிகுறி: எல்லாம் செய்தாயிற்று, பார்டர் கண்ணிலேயே படவில்லை

எளிய காரணங்களை முதலில் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை பார்டர் போட்டிருப்பீர்கள். எனாமல் தட்டுகளில் எனக்கே இது நேர்ந்திருக்கிறது. நீல விளிம்புள்ள வெள்ளைத் தட்டு, வெள்ளை பார்டர், வெள்ளைப் பக்கம். பத்து நிமிடம் தேடிய பிறகுதான் சோதனை லேயர் போட்டுப் பார்த்தேன்.

அடுத்து, எந்த லேயர் தேர்வில் இருக்கிறது என்று பாருங்கள். நிறம் நிரப்பிய லேயர் பொருளுக்கு மேலே இருந்தால் பொருளே மறையும். இன்னொரு முழு லேயருக்கு அடியில் இருந்தால் பார்டர் மறையும். முன்பு எங்கோ போட்ட சிறு செலக்‌ஷன் ஒன்று படத்தின் மூலையில் உயிரோடு இருந்தாலும் வேலை அதற்குள்ளே மட்டும்தான் நடக்கும். போட்டோஷாப்பில் கன்ட்ரோல் டி, கிம்ப்பில் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஏ. பழைய தேர்வை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அறிகுறி: பொருளுக்கும் பார்டருக்கும் நடுவே வெள்ளை இழை ஓடுகிறது

அதிகம் வருவதும், அச்சில் ஏறிய பிறகு மிகவும் உறுத்துவதும் இதுதான். வெள்ளைத் துணி விரித்து எடுத்த பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றுக்கு நான் முதன்முதலில் அரக்கு நிற பார்டர் போட்டேன். திரையில் நன்றாகவே இருந்தது. அச்சாகி வந்த அட்டையில் விளக்குக்கும் பார்டருக்கும் இடையே நூல் ஒட்டியது போல ஒரு வெளிறிய கோடு. கடைக்கார அண்ணன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, விளக்க வெளுத்த துணில சுத்தி வச்ச மாதிரி இருக்கே” என்றார். சரியாகவே சொன்னார். அந்தத் துணிதான் அது.

பொருளின் ஓரத்தில் இருக்கும் பிக்சல்கள் முழுப் பித்தளையும் இல்லை, முழுத் துணியும் இல்லை, இரண்டும் கலந்தவை. நாம் வெட்டும்போது அந்தக் கலப்புப் பிக்சல்களும் பொருளோடு வந்துவிடுகின்றன. வெள்ளைப் பக்கத்தில் அவை தெரியாது. பக்கத்தில் அடர் நிறம் வந்ததும் தெரிந்துவிடும்.

சரிசெய்ய, போட்டோஷாப்பில் லேயர் மெனுவின் கடைசியில் மேட்டிங், அதில் டிஃப்ரின்ஜ், 1 பிக்சல். போதாவிட்டால் 2. மாஸ்க் வைத்திருந்தால் செலக்ட் அண்டு மாஸ்க் உள்ளே போய் ஷிஃப்ட் எட்ஜைக் கழித்தல் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். கிம்ப்பில் ஆல்ஃபா டு செலக்‌ஷன், பிறகு செலக்ட் மெனுவில் ஷ்ரிங்க் 1 அல்லது 2, அப்புறம் இன்வர்ட், டெலீட். பொருள் ஒரு இழை மெலியும். 3000 பிக்சல் படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. 600 பிக்சல் படத்தில் நகையின் திருகாணி, கொட்டானின் ஓலை முனை போன்ற மெல்லிய இடங்கள் அறுந்துபோகும். அங்கெல்லாம் ஷ்ரிங்க் செய்யாமல், பெரிதாக்கிப் பார்த்துக் கையால் அழிப்பதே நல்லது.

படம் எடுக்கும்போதே இதில் பாதியைத் தவிர்க்கலாம். பித்தளை கண்ணாடி மாதிரி. கீழே விரித்த துணியைத் தன் ஓரத்திலேயே காட்டும். வெள்ளைத் துணியில் எடுத்தால் விளக்கின் ஓரமே வெள்ளையாகிவிடும், தானியங்கித் தேர்வு அதையும் பின்னணி என்று கடித்துவிடும், பார்டர் அங்கே பள்ளம் விழும். நான் இப்போது பித்தளைக்குச் சாம்பல் நிறத் துணிதான் விரிக்கிறேன்.

அறிகுறி: பொருளுக்கு வெளியே அங்கங்கே குட்டிக் குட்டி வட்டங்கள்

பின்னணியை அழித்தபோது விட்டுப்போன தூசிப் பிக்சல்கள். ஒற்றைப் பிக்சல் மிச்சம் இருந்தாலும் மென்பொருள் அதையும் ஒரு பொருளாகக் கருதி, உண்மையாக அதற்கும் பார்டர் போடுகிறது. இதில் கோபப்பட ஒன்றும் இல்லை, சொல்லப்போனால் உதவி. பார்டர் போடாத படங்களிலும் போட்டோஷாப்பில் 10 பிக்சல் சிவப்பு ஸ்ட்ரோக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பேன். மிச்சம் எங்கே என்று அதுவே காட்டும். அழிப்பானால் துடைத்துவிட்டு ஸ்ட்ரோக்கை எடுத்துவிடுவேன்.

வட்டங்களுக்குப் பதில் பொருளின் அடியில் மட்டும் பார்டர் தொப்பை போட்டது போல வீங்கியிருந்தால், அது மிச்சமிருக்கும் நிழல். பாதி காலியான பிக்சல்கள் அங்கே இருக்கின்றன. கிம்ப்பில் தேர்வைச் சுற்றி ஓடும் எறும்புக் கோடு பாதிக்கு மேல் நிறைந்த பிக்சலைத்தான் சுற்றிக் காட்டும். அதற்கும் மங்கலானவை கோட்டுக்கு வெளியே இருந்தாலும் தேர்வுக்குள் இருக்கும், குரோ கொடுத்தால் அவையும் சேர்ந்து விரியும். லேயரை நகலெடுத்து, அந்த நகலில் டிரான்ஸ்பரன்சியில் உள்ள திரெஷோல்டு ஆல்ஃபாவை 0.5 வைத்துப் பாருங்கள். அதிலிருந்து தேர்வை எடுத்துக்கொண்டு நகலை மறைத்துவிடலாம். அசல் லேயரில் அதைச் செய்யாதீர்கள், ஓரம் முழுக்கக் கரடுமுரடாகிவிடும்.

அறிகுறி: பொருளுக்கு உள்ளே இருக்கும் ஓட்டைகளிலெல்லாம் பார்டர்

கொட்டானில் இதை விட்டுத் தப்ப முடியாது. பனை ஓலையில் முடைந்த கூடை. வாயருகே ஓலை மடியும் இடங்களில் சிறு சந்துகள் இருக்கும், அதன் வழியே பின்னணி தெரியும். அதைச் சுத்தமாக வெட்டினால், ஒவ்வொரு சந்துக்குள்ளும் பார்டர் புகுந்து, கூடைக்குத் தேமல் வந்த மாதிரி ஆகிவிடும். “இத்தன ஓட்டையா இருந்தா யாரு வாங்குவா, நான் முடஞ்சது இது இல்லப்பா” என்று ஆச்சி வருத்தப்பட்டார்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. முடைபவர் கண்ணில் அதன் ஓலை நெருக்கம்தான் அழகு. படம் அதைப் பொய்யாக்கக் கூடாது.

கிம்ப் 2.10 முதல் செலக்ட் மெனுவில் ரிமூவ் ஹோல்ஸ் இருக்கிறது. ஆல்ஃபா டு செலக்‌ஷன், உடனே ரிமூவ் ஹோல்ஸ், பிறகு குரோ. உள்ளே உள்ள சந்துகள் எல்லாம் தேர்வுக்குள் அடங்கிவிடும், பார்டர் வெளியோரத்தில் மட்டும் ஓடும். ஆனால் நிரப்பும்போது சந்துகளிலும் பார்டர் நிறம் தெரியும். ஓலை நிறத்தோடு ஒத்த அடர் பழுப்பைச் சந்துகளில் மட்டும் தூரிகையால் பூசிவிடுங்கள்.

போட்டோஷாப்பில் லேயர் பட்டியலில் உள்ள சிறு படத்தின் மேல் கன்ட்ரோல் பிடித்துக் கிளிக் செய்து தேர்வை எடுத்து, லாசோவை ஷிஃப்ட் பிடித்துச் சந்துகளின் மேல் ஓட்டித் தேர்வில் சேருங்கள். பிறகு செலக்ட் மெனுவில் மாடிஃபை, எக்ஸ்பேண்டு. கீழ் லேயரில் நிரப்புங்கள். லேயர் ஸ்டைல் ஸ்ட்ரோக்கைவிட இங்கே இந்தக் கைவேலைதான் நன்றாக வரும்.

எல்லா ஓட்டையையும் மூடிவிடவும் கூடாது. தூக்குவாளியின் கைப்பிடிக்குள் இருக்கும் வெளி தூக்கின் உருவத்தில் சேர்ந்தது. அதை அடைத்தால் தூக்கு வாளியாகத் தெரியாது, தலைப்பாகை கட்டிய மொட்டை உருவமாகிவிடும். பெரிய ஓட்டைக்குப் பார்டர் வேண்டும், சின்னச் சந்துக்கு வேண்டாம். அதை நீங்கள்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

சேலை முந்தானையின் குஞ்சத்துக்கு இன்னொரு வழி வைத்திருக்கிறேன். நூல் நூலாகப் பார்டர் பிரிந்து முள்ளம்பன்றி போல நிற்கும். 12 பிக்சல் பார்டர் வேண்டுமென்றால் முதலில் குரோ 40, பிறகு ஷ்ரிங்க் 28. விரியும்போது நூல்களுக்கு இடையே உள்ள சந்துகள் மூடிக்கொள்ளும், சுருங்கும்போது அவை திரும்பத் திறப்பதில்லை. குஞ்சத்தைச் சுற்றி ஒரே வளைவாக பார்டர் கிடைக்கும்.

அறிகுறி: கூரான மூலைகள் மழுங்குகின்றன

ஆத்தங்குடித் தரைக்கல் நேர்ச்சதுரம். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்ப்பது. பூ எவ்வளவு வளைந்தாலும் கல்லின் மூலை கூர்மையானது. பார்டர் போட்டதும் மூலை உருண்டு, கல் பிஸ்கட் மாதிரி ஆகும். குரோ, அவுட்சைடு ஸ்ட்ரோக் இரண்டுமே வெளி மூலையை உருட்டத்தான் செய்யும், எல்லாத் திசையிலும் ஒரே தூரம் விரிவதால்.

போட்டோஷாப்பில் பொசிஷனை இன்சைடு ஆக்கினால் மூலை கூராக நிற்கும். கல்லின் ஓரம் கொஞ்சம் மறையும், ஓரக்கோலம் உள்ள கல்லில் இது வேண்டாம். கிம்ப்பில் பாத் கருவியால் நான்கு மூலையையும் கிளிக் செய்து மூடி, எடிட் மெனுவில் ஸ்ட்ரோக் பாத், லைன் ஸ்டைலில் ஜாயின் (மூலை இணைப்பு) வகை மைட்டர். கல்லை நேர் மேலிருந்து எடுக்காமல் சாய்வாக எடுத்திருந்தால் முதலில் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் சதுரமாக்குங்கள். பார்டர் போட்ட பிறகு சாய்வை நிமிர்த்தினால் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் போகும்.

அறிகுறி: ஓரம் பல் பல்லாக இருக்கிறது

மேஜிக் வாண்டு, ஃபசி செலக்ட் வகைக் கருவியால் வெட்டியிருப்பீர்கள், அல்லது படம் வாட்ஸ்ஆப்பில் வந்து சுருங்கியிருக்கும். இரண்டாவதுக்கு மருந்து ஒன்றுதான்: படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி மறுபடி வாங்குங்கள். முதலாவதுக்கு, ஆன்டி அலையாஸிங் குறியைப் போட்டுவிட்டுத் திரும்பத் தேர்வு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் குவிக் மாஸ்கில் (தேர்வைச் சாயமாகக் காட்டித் திருத்த விடும் முறை) போய் காசியன் பிளர் 3 பிக்சல், பிறகு லெவல்ஸில் கருப்பு வெள்ளை முனைகளை நடுவை நோக்கி நெருக்குங்கள். பற்கள் கரைந்து ஓரம் வழவழப்பாகும்.

அறிகுறி: ஒரு பக்கம் பார்டர் வெட்டுப்பட்டு நிற்கிறது

படத்தின் எல்லையைப் பொருள் தொட்டுக்கொண்டிருக்கிறது, பார்டருக்கு இடமில்லை. கேன்வாஸ் அளவைப் பெரிதாக்குங்கள். கிம்ப்பில் கேன்வாஸ் பெரிதாக இருந்தும் வெட்டுப்பட்டால் லேயரின் எல்லை சிறியது. லேயர் மெனுவில் லேயர் டு இமேஜ் சைஸ்.

அறிகுறி: பார்டர் போட்டதும் தமிழ் எழுத்து மெலிந்து, புள்ளி காணாமல் போகிறது

சேலை அட்டையில் ‘கண்டாங்கி’ என்று தலைப்பு, அதற்கும் பார்டர் வேண்டும் என்றார்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஸ்ட்ரோக் கொடுத்ததும் ‘ண்’, ‘ங்’ இரண்டின் புள்ளியும் கரைந்து ‘கணடாஙகி’ ஆகிவிட்டது. ஆங்கில எழுத்தில் இந்தப் பிழை எழுத்தைக் கொஞ்சம் ஒல்லியாக்கும், அவ்வளவுதான். தமிழில் புள்ளி போனால் சொல்லே போய்விடும். அதனால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

இங்க்ஸ்கேப்பின் ஸ்ட்ரோக் ஓரக்கோட்டின் நடுவில் உட்காரும். பாதி வெளியே, பாதி உள்ளே. 8 பிக்சல் கொடுத்தால் 4 பிக்சல் எழுத்தைத் தின்னும். கிம்ப்பில் ஸ்ட்ரோக் செலக்‌ஷனும் இப்படியே. இங்க்ஸ்கேப்பில் ஃபில் அண்டு ஸ்ட்ரோக் பலகையில் ஸ்ட்ரோக் ஸ்டைல் பக்கத்தில் ஆர்டர் என்று இருக்கும். ஸ்ட்ரோக் அடியில், ஃபில் மேலே வரும்படி மாற்றுங்கள். உள்ளே போன பாதி மறைந்து எழுத்து பழையபடி நிறைந்து நிற்கும். வெளியே தெரியும் பார்டர் நீங்கள் கொடுத்ததில் பாதி என்பதால் அளவை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

எழுத்தின் மூலைகளில் ஊசி ஊசியாக முனை நீட்டினால் ஜாயினை ரவுண்டு ஆக்குங்கள். எழுத்துக்கு உள்ளேயே தேவையில்லாத கோடுகள் தெரிந்தால், அந்த எழுத்துருவில் வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத், பிறகு யூனியன். அதன் பிறகு எழுத்தைத் திருத்த முடியாது, ஒற்றுப்பிழை எல்லாம் முன்பே பார்த்துவிடுங்கள். பார்டர் எவ்வளவு தடிக்கலாம் என்பதற்கு என் அளவுகோல் புள்ளிக்கும் அதன் கீழ் உள்ள எழுத்துக்கும் இடையே உள்ள வெளி. அந்த வெளியில் பாதிக்கு மேல் பார்டர் போகக் கூடாது.

அறிகுறி: படத்தின் அளவை மாற்றியதும் பார்டரும் மாறிவிடுகிறது, அல்லது மாற வேண்டியது மாறவில்லை

போட்டோஷாப்பில் லேயரை ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மில் பாதியாகச் சுருக்கினாலும் ஸ்ட்ரோக் அதே பிக்சலில் நிற்கும், ஆகவே தடித்துத் தெரியும். லேயர் ஸ்டைல் மெனுவில் ஸ்கேல் எஃபெக்ட்ஸ் கொடுத்து அதையும் பாதியாக்குங்கள். முழுப் படத்தையும் இமேஜ் சைஸில் சுருக்கும்போது ஸ்கேல் ஸ்டைல்ஸ் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இங்க்ஸ்கேப்பில் இதே சங்கதி பிரிஃபரன்சஸில் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் பகுதியில் இருக்கிறது.

3000 பிக்சல் அகலப் படத்தில் 4 பிக்சல் பார்டர் போட்டு, 1080 பிக்சல் அகலமுள்ள போன் திரையில் பார்த்தால் அது ஒன்றரைப் பிக்சல்கூட இராது. அந்த அளவுப் படத்துக்கு நான் 24 முதல் 30 வரை வைக்கிறேன். வாட்ஸ்ஆப் ஸ்டிக்கருக்கு அவர்களே அளவு சொல்லியிருக்கிறார்கள்: 512க்கு 512 பிக்சல், பொருளைச் சுற்றி 8 பிக்சல் வெள்ளை பார்டர், எல்லையிலிருந்து 16 பிக்சல் இடைவெளி. பிள்ளையார் நோன்புக்கு ஸ்டிக்கர் செய்து கேட்டவர்களுக்கு இந்த அளவில்தான் செய்து கொடுத்தேன். இருட்டான அரட்டைப் பின்னணியிலும் உருவம் பிரிந்து தெரிகிறது.

அறிகுறி: திரையில் சரி, சேமித்ததும் அல்லது அச்சானதும் கெடுகிறது

காலியிடம் வெள்ளையாகிவிட்டால் ஜேபெக்காகச் சேமித்திருக்கிறீர்கள். பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். லேயரோடு கூடிய மூலக் கோப்பையும் தனியே வைத்திருங்கள்.

அச்சில் பார்டர் முடியிழை மாதிரி வந்தால் கணக்கைப் பாருங்கள். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சில் 1 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 12 பிக்சல். 2 பிக்சல் கோடு 0.17 மில்லிமீட்டர்தான். கருப்பு பார்டரின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்த்தால், அந்தக் கருப்பு நான்கு மையும் கலந்த கருப்பு. தகடுகள் இழையளவு விலகினாலும் நிறம் பிதுங்கும். மெல்லிய பார்டருக்குத் தனிக் கருப்பு மட்டும் வைக்கச் சொல்லி அச்சகத்தில் கேளுங்கள், கோப்பு கொடுக்கும்போதே சொன்னால் செய்து தருவார்கள். அட்டை முழுவதையும் சுற்றி ஒரு கட்டம் வைத்திருந்தால் வெட்டும் ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி வையுங்கள். கத்தி சற்று நகர்ந்தாலும் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல் என்று தெரியாது.